செவ்வாய் வெள்ளியில் சூடேறும் கார்

"செவ்வாய். மாலை 4.35. ஜெலுத்தோங் விரைவுச்சாலை. வெளி வெப்பம் 33. மின்கலம் 71 விழுக்காடு. திரையில் மஞ்சள் எழுத்து: ஓட்டுநர் உதவி தற்காலிகமாக இல்லை, கணினி வெப்பம் மிகுதி. பதினெட்டு நிமிடத்தில் தானாக மறைந்தது. அக்கா தொலைபேசியில் சொன்னது."

என் குறிப்பேட்டில் இப்படி ஒன்பது பதிவுகள் இருக்கின்றன. நீல அட்டை போட்ட பள்ளிக்கூட நோட்டுதான். முன்பக்கம் வீட்டுத் தண்ணீர் மீட்டர், பின்பக்கம் படித்த புத்தகங்களின் பட்டியல், நடுவில் அக்காவின் கார். ஓய்வு பெற்ற பிறகு எதையாவது நேரம் போட்டு எழுதிவைக்காவிட்டால் அந்த நாள் நடக்கவே இல்லை போலத் தோன்றுகிறது எனக்கு.

கார் அக்காவுடையது என்றாலும் வாங்கியது கோலாலம்பூரில் இருக்கும் அவள் மகன். அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. கழுத்தெலும்பில் அறுவை செய்த பிறகு அவளால் தலையை இடப்பக்கம் முழுதாகத் திருப்ப முடியாது. ஓட்டலாம், கவனமாக ஓட்டுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மகனுக்கு அது போதவில்லை. பழைய காரை விற்றுவிட்டு இந்த மின்சாரக் காரை வாங்கிக் கொடுத்தான். இடப்பக்கம் பின்னால் வண்டி வந்தால் கண்ணாடியில் ஒரு விளக்கு எரியும். கோட்டைத் தாண்டிச் சரிந்தால் ஸ்டியரிங் லேசாக அதிரும். அக்காவின் கழுத்து செய்யாத வேலையைக் காருக்குள் எங்கோ இருக்கும் ஒரு கணினி செய்தது. அந்தக் கணினிதான் இப்போது சூடாகி, நடுச்சாலையில் வேலையை விட்டுவிட்டுப் போய்விடுகிறது.

மகன் தொலைபேசியில் சொன்னதை அக்கா எனக்கு அப்படியே ஒப்பித்தாள்.

"'அந்தக் கம்ப்யூட்டர் ஓடுனாதான் நீங்க ஓட்டலாம், இல்லன்னா சாவியக் குடுத்துருங்கம்மா'ங்கறான். அடுத்த சனிக்கெழம வர்றானாம். வந்து, ஒக்காந்து, பாத்துட்டு முடிவு பண்ணுவானாம். எனக்கே டெஸ்ட் வைக்கிறான்டா, நான் ஓட்டக் கத்துக் குடுத்த பய!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று நான் போட்டுக் கொடுத்த தேநீரை அவள் குடிக்கவில்லை.

அவளுக்குச் சாவி என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும். எங்கள் வரிசை வீடுகளில் முதலில் கார் ஓட்டிய பெண் அவள்தான். அதற்கு முன் நாங்கள் இருவரும் பாயான் லெப்பாஸ் கணினிச் சில்லுத் தொழிற்சாலைக்கு ஒரே பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். அவள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து மயிரிழைத் தங்கக் கம்பிகளைப் பொருத்தும் பிரிவில். நான், அவளுக்கு ஆறு வருடம் பின்னால் சேர்ந்து, சோதனைப் பிரிவில். தொழிற்சாலை பஸ் வராத நாட்களில் சாலையோரம் நின்று நின்று அலுத்துப்போய், "இனி நான் யாருக்காகவும் நிக்க மாட்டேன்" என்று சொல்லி உரிமம் எடுத்தாள். மூன்று கை மாறி வந்த ஒரு பாலாடை நிறக் கார் வாங்கினாள். எங்கள் அப்பா அதில் ஏற மூன்று வாரம் ஆனது.

அந்தக் காரும் சூடாகும். ஆனால் அந்தச் சூட்டை யாரும் குறிப்பேட்டில் எழுத வேண்டியதில்லை. ஒரு ஞாயிறு பாலிக் புலாவ் மலைச்சாலையில் ஏறும்போது முன்பக்கம் வெள்ளையாக ஆவி கிளம்பியது. அப்பா கதவைத் திறந்து குதித்துவிட்டார். நான் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன்.

"தொடாதடா! மூஞ்சி வெந்துரும்!" என்று அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

டுரியான் விற்றுக்கொண்டிருந்த ஒரு சீனர் காலி பால்பவுடர் டின்னில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சூடு இறங்கும்வரை அவர் கடை பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் இரண்டு டுரியானைத் தின்று முடித்தோம். அப்பா மட்டும் காரைப் பார்த்தபடி தள்ளி நின்றார். பிறகு அவரும் வந்து ஒரு சுளை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அக்கா ஓட்டுவதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அந்த ஞாயிற்றின் தேதியை நான் எங்கும் எழுதிவைக்காதது இன்றுவரை எனக்கு ஒரு குறை.

அந்தக் காரோடுதான் தீவிலிருந்து அக்கரைக்கு ஃபெரியிலும் போவோம். வெல்ட் கீ படகுத்துறையில் வரிசையில் நின்று, கப்பலுக்குள் ஏறி, என்ஜினை அணைத்ததும் கார் முழுக்கக் கப்பலின் நடுக்கம் வரும். கண்ணாடியை இறக்கிவிட்டுத் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களின் கொடிகளை எண்ணுவாள் அக்கா. இப்போது ஃபெரியில் கார் ஏறுவதில்லை. அக்கரையில் இருக்கும் எங்கள் சின்னம்மாவைப் பார்க்க அவள் பாலத்தில்தான் போக வேண்டும். பாலத்தில் ஏறும் இடத்தில் இடமும் வலமும் லாரிகள் நெருக்கும். அங்கே கண்ணாடி விளக்கு எரியாவிட்டால் அவளுக்குப் பாதி உலகம் இல்லை.

ஆகவே சனிக்கிழமைக்குள் காரணத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். நான் இருபத்தெட்டு வருடம் செய்த வேலையும் அதுதான். எங்கள் சோதனைப் பிரிவில் அடுப்புகள் இருந்தன. சில்லுகளை அவற்றுக்குள் வைத்து மணிக்கணக்கில் வேகவைப்போம். குளிரில் ஒழுங்காக இருப்பது சூட்டில் தடுமாறும். அதை வெளியே எடுத்து ஆறவைத்துப் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஒழுங்காக இருக்கும். அதனால் எங்களுக்கு ஒரு விதி: எந்தச் சூட்டில் கெட்டதோ அந்தச் சூட்டிலேயே பார். இன்னொரு விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று.

இந்த அனுபவம் கொடுத்த தைரியத்தில், முதல் நாளே முடிவு சொல்லிவிட்டேன். வெயில்தான் காரணம் என்றேன். பினாங்கு வெயிலில் கண்ணாடி மூடிய கார் வேறு என்ன ஆகும்? வெள்ளித்தாள் போன்ற மறைப்பு ஒன்றை வாங்கி முன்கண்ணாடிக்கு வைத்தேன். குளுகோரில் அவள் அடுக்குமாடிக் கீழே அங்சானா மரநிழலில் மட்டும் நிறுத்தச் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமையே மஞ்சள் எழுத்து வந்தது.

"ஒன் வெள்ளித்தாளு நல்லாத்தான்டா இருக்கு, கோழி சுட்டுத் திங்கலாம்" என்றாள் அக்கா.

பிறகு எதிர்ச்சோதனை. ஒரு திங்கட்கிழமை நடுப்பகலில் காரை வெட்டவெளியில் இரண்டு மணி நேரம் நிறுத்தினோம். உள்ளே ஏறும்போது இருக்கை சுட்டது. என் செருப்பைப் பின்னிருக்கைத் தரையில் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்து ஃபெரிங்கி கடற்கரை வரை போய்த் திரும்பினோம். வளைவுகள், நெரிசல், உச்சி வெயில் எல்லாம் இருந்தன. திரை சாதுவாக இருந்தது. என் வெயில் கொள்கை அன்றே செத்துவிட்டது. ஆனால் நான் அதை அக்காவிடம் உடனே ஒப்புக்கொள்ளவில்லை.

புதன்கிழமை அவள் தனியாகச் சேவை மையத்துக்கு ஓட்டிக்கொண்டு போனாள். நான் பஸ்ஸில் போய்ச் சேர்ந்துகொண்டேன். அங்கே எங்கள் காரைப் பார்த்தவர் முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு தமிழ்ப் பெண். சுங்கைப் பட்டாணி ஊர்க்காரர். மடிக்கணினியைக் காரில் செருகி, உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தார்.

"போமன் எங்கம்மா?" என்று அக்கா கேட்டாள். இங்கே கார் பழுது பார்ப்பவரை அப்படித்தான் சொல்வோம்.

"நான்தான் ஆன்ட்டி போமன்."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லது. அப்ப காது குடுத்துக் கேப்பீங்க."

அந்தப் பெண் விளக்கினார். கணினி இருப்பது இடப்பக்க முன்னிருக்கைக்குக் கீழே. சின்ன விசிறி ஒன்று காருக்குள்ளிருக்கும் குளிர்ந்த காற்றை இழுத்து அதன்மேல் விடும். சூடான நேரங்கள் எல்லாம் பதிவாகியிருந்தன. என் குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டோம். நிமிடக் கணக்கில் ஒத்துப்போனது. எனக்கு அது பெரிய மகிழ்ச்சி. அவருக்கு இல்லை.

"அங்கிள், இப்ப பாத்தா எல்லாமே ஓகேலா. விசிறி சுத்துது, சென்சாரு சரியா இருக்கு. கெட்டுப்போற நேரத்துல நான் பாக்கணும். இல்லன்னா முழு யூனிட்டையும் மாத்தணும். சாமான் வர ஒன்றரை மாசம் ஆகும்."

ஒன்றரை மாதம். அக்கா சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தாள். சனிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

அன்று பிற்பகல் அவள் வீட்டில் குறிப்பேட்டைப் பரப்பிவைத்து மறுபடி பார்த்தேன். நேரம், வெப்பம், ஈரப்பதம், மின்கலம், எந்தச் சாலை, மழையா வெயிலா, எல்லாம் இருந்தது. ஒன்பது பதிவில் நான்கு செவ்வாய், நான்கு வெள்ளி. ஒன்று மட்டும் ஞாயிறு. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் ஒரு கணினிக்கும் என்ன சம்பந்தம்? சில்லுகளுக்குக் கிழமை தெரியாது.

அப்போது அக்காவின் எதிர்வீட்டு அம்மா வந்தார். யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம். துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். என்ன பார்க்கிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"செவ்வாயும் வெள்ளியும் எண்டால் கோயிலுக்குப் போற நாள்தானே தம்பி. நாங்கள் நாலு பேரும் போறனாங்கள்."

"இந்த ஞாயிறு?"

"அது கப்பளா பத்தாஸில கலியாணம். அதுக்கும் நாங்கள்தான். உங்கட அக்கா உங்களுக்கு இதெல்லாம் சொல்லேல்லையே?"

"அவன் எங்க கேட்டான்?" என்று அக்கா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "'எத்தன டிகிரி, எத்தன பெர்சன்ட்'டுன்னு கேட்டான். காடில யாரு இருந்தான்னு ஒரு நாளு கேட்டானா?"

உண்மை. காற்றின் ஈரத்தைக்கூட எழுதிய நான் காருக்குள் யார் இருந்தார்கள் என்று எழுதவில்லை. நான் ஏறிய நாட்களில் நானும் அவளும் மட்டும். சேவை மையத்துக்குப் போன நாளில் அவள் மட்டும். நான்கு பேர் ஏறினால் எடை கூடுகிறது, குளிர்சாதனம் அதிகம் உழைக்கிறது, அதுதான் காரணம் என்று உடனே இன்னொரு கொள்கை கட்டினேன். இந்த முறை வெளியே சொல்லவில்லை.

சேவை மையத்துப் பெண்ணுக்குத் தொலைபேசினேன். "வெள்ளிக்கெழம எப்பவும் ஓட்டுற மாதிரியே ஓட்டி வாங்க. எதையும் மாத்தாதீங்க. யாரு ஏறுவாங்களோ அவங்க எல்லாரும்" என்றார்.

வெள்ளி மாலை நான்கு மணிக்கு நால்வரும் ஏறினார்கள். எதிர்வீட்டு அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் முன்னிருக்கை அவருடையது. பின்னால் மேல்மாடிச் சகோதரிகள் இருவர். அர்ச்சனைத் தட்டு, பூ, குடை எல்லாம் இருந்தன. நான் ஐந்தாவதாக நடுவில் நுழைந்தேன். எதையும் மாற்றாதே என்ற விதியை அங்கேயே மீறினேன், ஆனால் வேறு வழியில்லை. விரைவுச்சாலையில் பதினான்காவது நிமிடம் மஞ்சள் எழுத்து வந்தது. ஓட்டிய அக்காவைத் தவிர நால்வரும் கை தட்டினோம். ஒரு பழுதுக்கு அப்படி வரவேற்பு கிடைத்ததை நான் பார்த்ததில்லை.

சேவை மையத்தில் அந்தப் பெண் வெளியிலேயே காத்திருந்தார். கார் நின்றதும் கதவுகள் திறந்தன. யாரும் இறங்கவில்லை. எதிர்வீட்டு அம்மா குனிந்து தன் இருக்கைக்கு அடியில் கை விட்டுத் துழாவினார். பின்னாலிருந்து சகோதரிகளும் அதே இருக்கைக்கு அடியில் துழாவினார்கள்.

"என்னடி, என்னோடத எடுத்துட்ட!"

"இது ஒன்னோடதா? ஒன்னோடது ஆத்தா காலத்து டயரு மாதிரில்ல இருக்கும்!"

ஒவ்வொரு ஜோடியாகச் செருப்புகள் வெளியே வந்தன. அக்காவுடையதும் அங்கிருந்துதான் வந்தது. அந்தப் பெண் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மண்டியிட்டு, தொலைபேசி வெளிச்சத்தை இருக்கைக்கு அடியில் அடித்தார்.

"ஆன்ட்டி, ஏன் எல்லாரும் வெறுங்காலோட வர்றீங்க?"

அக்காவுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "பூச போட்ட காடிம்மா. முன்னால சாமி இருக்கு. செருப்போட எப்படி ஏறுவாங்க?"

கார் வந்த நாளில் ஐயர் சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்துப் பூசை செய்தார். அன்றிலிருந்து அதற்குள் செருப்புக்கு இடமில்லை. அக்கா வெறுங்காலோடுதான் ஓட்டுகிறாள். தனியாகப் போகும்போது செருப்பைக் கழற்றி இடப்பக்கத் தரையில் போடுவாள். கூட்டமாகப் போனால் அங்கே கால்கள் இருக்கும். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் வைத்தால் உருண்டு பிரேக்குக்குப் போய்விடும் என்று ஓட்டத் தெரிந்தவளின் எச்சரிக்கை அவளுக்கு. ஆகவே அவர்களின் நான்கு ஜோடியும் இடது இருக்கையின் கீழே; அன்று என்னுடையது மட்டும் என் காலடியில் கிடந்தது. முன்னாலிருந்து இரண்டு, பின்னாலிருந்து இரண்டு, அவற்றை நெருக்கிப் பிடிக்க ஒரு மடக்குக்குடை. விசிறி மூச்சு இழுக்கும் இடம் சரியாக அங்கேதான் இருந்தது.

"பாட்டா கடைய வச்சு மூடி வச்சிருக்கீங்க ஆன்ட்டி" என்று அந்தப் பெண் சிரிக்கத் தொடங்கினார். எதிர்வீட்டு அம்மாவுக்கு முதலில் கோபம், பிறகு அவரும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"அப்ப செருப்போட ஏறணுமா?"

"இல்லன்னா பின்னால பூட்ல போடுங்க."

"பூட்லதான் பூசச் சாமான் எல்லாம் இருக்கும். அதோட செருப்பா?"

இதை வெளியார் வேடிக்கை என்று நினைக்கலாம். அவளுக்கு அது வேடிக்கை இல்லை. தொழிற்சாலையில் தூசியில்லா அறைக்குள் நுழையும் முன் நாங்கள் எல்லோரும் காலணியைக் கழற்றி மரத்தட்டில் வைப்போம். அவள் தன்னுடையதை எப்போதும் மேல்தட்டின் ஓரத்தில், குதிகால் சுவரைப் பார்க்க வைப்பாள். வேலை முடிந்து வரும்போது இருநூறு ஜோடிக்கு நடுவில் அதை நான் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பேன். உள்ளே எது, வெளியே எது என்று பிரித்து வாழ்ந்தவள் அவள். சாவியைக் காப்பாற்ற அதை விடச் சொன்னால் விட்டிருப்பாள். ஆனால் பிறகு அந்தக் காரில் அவளுக்குப் பழைய உரிமை இருந்திருக்காது.

அந்தப் பெண் அதைப் புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன். சட்டென்று எழுந்து முன்பக்கம் போனார். பானெட்டைத் திறந்தார். பெட்ரோல் கார் என்றால் என்ஜின் இருக்கும் இடத்தில், இந்தக் காரில் மூடியோடு ஒரு காலிப் பெட்டிதான் இருந்தது. சேவைக்கு விட்டபோதும் நாங்கள் யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை.

"இங்க எதுவும் இல்ல ஆன்ட்டி. காடிக்கு வெளியதான்."

அக்கா குனிந்து பார்த்தாள். விரலால் ஓரத்தைத் தட்டிப் பார்த்தாள். பிறகு தன் செருப்பை உள்ளே வைத்தாள், குதிகால் உள்சுவரைப் பார்க்க. "ரோட்டுல நின்னு பானெட்டத் தொறந்தா, காடி கெட்டுப்போச்சுன்னு நெனச்சு எவனாச்சும் தண்ணி டின்ன எடுத்துட்டு வருவான்லா" என்றாள்.

அந்தப் பெண் விசிறியின் வலையைக் கழற்றித் தூசியை ஊதினார். அதில் பூவிதழும் திருநீறும் சேர்ந்து ஒரு பஞ்சு போல ஒட்டியிருந்தது. கையோடு புதிய மென்பொருளையும் ஏற்றிவிட்டார். நான் தடுத்திருக்க வேண்டும். அப்போது தோன்றவில்லை.

சனிக்கிழமை மகன் வந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா அவனை இடப்பக்கமும் என்னைப் பின்னாலும் உட்காரவைத்து, பாலத்தில் சின்னம்மா வீட்டுக்கு ஓட்டினாள். அவன் பானெட்டில் தன் காலணியை வைக்கும்போது ஏதோ முணுமுணுத்தான். பாலத்தில் ஏறும் இடத்தில் கண்ணாடி விளக்கு எரிந்தது. லாரி ஒன்று கடந்தது. அவள் காத்திருந்து, விளக்கு அணைந்த பிறகு உள்ளே நுழைந்தாள். நடுப்பாலத்தில் கடல் இரண்டு பக்கமும் வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. தூரத்தில் துறைமுகத்து ராட்சதப் பளுதூக்கிகள். அவள் உதடு மெல்ல அசைந்தது. என்ன எண்ணினாள் என்று நான் கேட்கவில்லை.

அக்கரை வந்து கார் நின்றதும் மகன் சொன்னான்: "சரிம்மா. இருக்கட்டும். ஆனா ராத்திரில வேணாம்."

"ராத்திரில எனக்கு நாடகம் பாக்கணும். எவ ஓட்டுவா?" என்று கதவைத் திறந்தாள்.

அதற்குப் பிறகு செவ்வாய் வெள்ளிகளில் எத்தனை பேர் ஏறினாலும் மஞ்சள் எழுத்து வரவில்லை. பதிவுகள் தொடர்கின்றன; இப்போது பயணிகள் என்று ஒரு பத்தியும் சேர்த்திருக்கிறேன். ஆனால் ஒரே நாளில் மூன்று மாற்றங்கள் நடந்துவிட்டன: செருப்பு இடம் மாறியது, வலை சுத்தமானது, மென்பொருள் புதிதானது. நான்கு ஜோடியையும் பழைய இடத்தில் வைத்து ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாம் என்று அக்காவைக் கேட்டேன்.

"ஒனக்குச் சோதிக்க என் காடிதான் கெடச்சுதா? போடா" என்றாள்.

புதிய மென்பொருள் விசிறியின் வேகத்தை மாற்றுகிறதா என்று சேவை மையத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். கடிதம் கிடைத்தது என்று மட்டும் பதில் வந்தது. ஆகவே கணினி சூடானதற்குச் செருப்புகள்தான் காரணம் என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.